ஆண்டறிக்கை எழுதித் தரும் சேவை: போர்டைச் சரியாகப் பிடித்தார்கள், தலைவர் கடிதத்தில் கோட்டை விட்டார்கள்

தொண்டு நிறுவனங்களுக்கு ஆண்டறிக்கை எழுதி, வடிவமைத்துத் தரும் ஒரு சிறிய குழுவிடம் இந்த வருடம் எங்கள் அறிக்கையை ஒப்படைத்திருந்தோம். அச்சாகி நன்கொடையாளர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வடிவமைப்பு சுமார்தான். மதிப்பெண்ணில் பெரும்பகுதி, நிர்வாகக் குழு (போர்டு) உறுப்பினர்களை இவர்கள் எப்போது, எதற்காக உள்ளே கொண்டுவந்தார்கள் என்பதற்கு.

வழக்கமாக என்ன நடக்கும் என்பது தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊழியர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதுவார்கள், எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகிற நேரத்தில் போர்டுக்கு ஒரு பிடிஎஃப் போகும், ஒருவர் காற்புள்ளியைத் திருத்துவார், இன்னொருவர் அட்டைப் படத்தையே மாற்றச் சொல்வார், மூன்றாமவர் திறந்தே பார்க்க மாட்டார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முடிந்துபோன ஒன்றைக் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்டால் காற்புள்ளிதான் கண்ணில் படும்.

இவர்கள் ஒரு வரி எழுதுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியாகப் போனில் பிடித்தார்கள். இந்த வருடம் போர்டு எடுத்ததில் கடினமான முடிவு எது, நீங்கள் நேரில் போய்ப் பார்த்த வேலை எது, உங்களுக்குத் தெரிந்தவர்களில் யார் இந்த அறிக்கையைப் படிக்க வேண்டும், இவ்வளவுதான் கேள்விகள். "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா" என்று பொதுவாகக் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. அதனால் ஊழியர்களுக்கே தெரியாத விஷயங்கள் வெளியே வந்தன. ஒரு பயிற்சித் திட்டத்தைப் போர்டு ஏன் நிறுத்தியது என்று ஓர் உறுப்பினர் சொன்ன விளக்கம் முழுப் பக்கமாக வந்திருக்கிறது. படித்த நன்கொடையாளர்கள் அதிகம் விசாரித்ததும் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

அடுத்தது பொருளாளர் பக்கம். பெரும்பாலான அறிக்கைகளில் ஆடிட்டர் கொடுத்த கணக்கைக் கடைசியில் ஒட்டிவிட்டு விட்டுவிடுவார்கள், படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. இங்கே பொருளாளரை உட்காரவைத்து அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள்: செலவு ஏன் வரவைத் தாண்டியது, குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த பணத்தை ஏன் வேறு எதற்கும் எடுக்க முடியாது, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும். பற்றாக்குறையை மறைக்காமல் முதல் வரியிலேயே போடச் சொன்னவரும் அவர்தான். எனக்கு இந்த அறிக்கையிலேயே மிகவும் பிடித்த பக்கம் இது.

போர்டைச் சேர்ப்பது வெறும் மரியாதைக்கான வேலை என்று நினைப்பவர்கள் சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான தொண்டு நிறுவனங்களில் ஆண்டறிக்கை அறங்காவலர்களின், அதாவது போர்டின், பொறுப்பு. தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு அதை அனுப்ப வேண்டிய நிறுவனங்கள் நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் வரித்துறைக்குத் தரும் 990 படிவத்தின் ஆறாம் பகுதி, தாக்கல் செய்யும் முன் முழுப் படிவத்தையும் போர்டு உறுப்பினர்கள் எல்லாருக்கும் கொடுத்தீர்களா என்று நேராகவே கேட்கிறது.

டிராஃப்ட் பார்க்கும் கட்டத்தையும் நன்றாகவே நடத்தினார்கள். கூகுள் டாக்ஸில் கருத்து எழுத மட்டும் அனுமதி, அவரவருக்குத் தெரிந்த பக்கங்கள் மட்டும். தகவல் தவறாக இருந்தால் உடனே திருத்துவார்கள், நடை பற்றிய யோசனை என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே ஒருவரிடம் போகும், இரண்டு உறுப்பினர்கள் முட்டிக்கொண்டால் தலைவர் முடிவு செய்வார். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த திருத்தம் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள், அது பெரிய நிம்மதி.

அப்புறம் அந்த மூன்றாவது கேள்வி. யார் யார் படிக்க வேண்டும் என்று போனில் சொன்ன பெயர்களைப் பட்டியலாக்கி அந்தந்த உறுப்பினரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவரவர் தங்களுக்குத் தெரிந்தவருக்குக் கையால் இரண்டு வரி எழுதி அறிக்கையோடு வைத்தார்கள். பல வருடமாகப் பதிலே போடாதவர்கள்கூட இந்த முறை கூப்பிட்டுப் பேசினார்கள்.

சரி, ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது? தலைவர் கடிதத்தை இவர்களே எழுதிவிட்டார்கள். "நீண்ட பயணம்", "புதிய மைல்கல்" என்று எந்த நிறுவனத்துக்கும் பொருந்துகிற கடிதம். எங்கள் தலைவர் அப்படிப் பேசுகிறவரே இல்லை. மற்ற எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு எழுதியவர்கள், எல்லாரும் முதலில் புரட்டுகிற பக்கத்தில் மட்டும் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. இன்னொன்று, கூடுதல் சுற்றுத் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்பதைப் பாதி வழியில்தான் சொன்னார்கள்.

அடுத்த வருடமும் இவர்களிடமே கொடுப்போம். தலைவர் பேசுவதைப் பதிவு செய்து அதிலிருந்துதான் கடிதம் எழுத வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டோம். நீங்கள் இப்படி ஒரு சேவையை எடுப்பதாக இருந்தால், எத்தனை சுற்றுத் திருத்தம் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாகப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போர்டு உறுப்பினர்களின் போன் பேச்சும் அதே கட்டணத்தில் சேருமா என்று கேளுங்கள்.