பட்டியலில் தெரியாத கணினி: வீட்டுக்குள் ஆறு ஆண்டுக் கோப்புப் பகிர்வு

போன வாரம் மச்சினன் கேட்டான்: "மச்சான், உங்கள் வீட்டில் எல்லாக் கணினிக்கும் படங்கள் ஒரே இடத்திலிருந்து வருகின்றனவே, அதுபோல எனக்கும் ஒன்று அமைத்துத் தாருங்கள்." சற்றும் யோசிக்காமல், "வேண்டாம், நல்ல பென் டிரைவாகப் பார்த்து வாங்கிக்கொள்" என்றேன். அவன் கேட்ட நேரம் அப்படி. புதிதாக வாங்கிய மடிக்கணினி ஒன்று அதற்கு முந்தைய இரண்டு மாலைகளையும் விழுங்கியிருந்தது.

2019இல், திரை உடைந்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தையும், அதிலுள்ள கோப்புகளை விண்டோஸ் கணினிகளோடு பகிர உதவும் சாம்பா என்ற நிரலையும் நிறுவி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். குடும்பப் படங்கள், ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரம், மகளின் பள்ளி வேலைகள் எல்லாம் அதில்தான். மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்கிக்கொள்கிறது. கேபிள் வழியாக நொடிக்கு 110 மெகாபைட் வரை போகிறது. 8 ஜிகாபைட் கல்யாண வீடியோ ஒன்றேகால் நிமிடத்தில் இறங்கிவிடும். அதையே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இழுத்தால் அரை மணி நேரம். குறை சொல்லத் தொடங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் ஆறு ஆண்டுகளாக நெருடும் குறை. விண்டோஸில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் இந்தக் கணினி பட்டியலில் இருக்காது. பிரிண்டர் இருக்கும், தொலைக்காட்சி இருக்கும், இது மட்டும் இருக்காது. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு 192.168.1.20 என்று அதன் வலையமைப்பு முகவரியைத் தட்டினால் அடுத்த நொடியே திறக்கும்! ஆள் வீட்டுக்குள்தான் இருக்கிறார், வாசலில் பெயர்ப்பலகைதான் இல்லை. இது புரியாமல் முதல் வருடம் முழுக்க, பழுதே இல்லாத கணினியைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பெயர்களைச் சேகரித்துப் பட்டியலிடும் பழைய முறை, எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையோடு பிணைந்திருந்தது. 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 வருவதில்லை. இப்போதைய விண்டோஸ் வேறொரு முறையில் கூப்பிட்டுப் பார்க்கிறது, சாம்பாவுக்குத் தானாக அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு துணை நிரல் சாம்பாவின் சார்பில் பதில் சொல்லும். நிறுவினேன், பெயர் வந்தது. இப்போதும் சில நாள் வருவதில்லை.

எஸ்எம்பி 1ஐத் திரும்ப இயக்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கோபத்தில் ஓரிரவு நானும் செய்தேன், காலையில் வெட்கப்பட்டு அணைத்தேன். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது அந்த வாசல் வழியாகத்தான். அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தும் பலர் போடவில்லை. பட்டியலில் ஒரு பெயர் தெரிவதற்காக அந்தக் கதவைத் திறந்து வைப்பதா?

மின்வெட்டுக்குப் பின் ரூட்டர் எழுந்ததும் முகவரி மாறிவிடும் தொல்லையும் இருந்தது. ரூட்டரின் அமைப்புகளுக்குள் போய் அந்தக் கணினிக்கென ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தேன், ஐந்து நிமிட வேலை. இதை ஏன் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன் என்று மனைவி இன்றும் கேட்கிறாள்.

புது மடிக்கணினிக்கு வருகிறேன். விண்டோஸ் 11 புரோ, 24எச்2 பதிப்பு. முகவரியைத் தட்டினாலும் திறக்கவில்லை. முதல் மாலை ரூட்டரைச் சந்தேகித்தேன், இரண்டாம் மாலை கேபிளை. குற்றவாளி நான்தான். 2019இல் சோம்பலில் கடவுச்சொல்லே இல்லாமல் 'விருந்தினர்' அனுமதியில் பகிர்ந்திருந்தேன். இந்தப் பதிப்பு ஒவ்வொரு பரிமாற்றத்திலும், வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் கேட்கிறது. கையொப்பத்துக்கான சாவி கடவுச்சொல்லிலிருந்து பிறக்கிறது, விருந்தினருக்கு ஏது கடவுச்சொல்? சாம்பாவில் முறையாக ஒரு பயனரை உருவாக்கினேன். லினக்ஸ் கடவுச்சொல் வேறு, சாம்பா கடவுச்சொல் வேறு, அதைத் தனியே வைக்க வேண்டும். விண்டோஸ் சேமித்து வைத்திருந்த பழைய நுழைவு விவரத்தையும் அழித்தேன். உடனே திறந்தது. அந்த மகிழ்ச்சியில் மகளின் கணினியிலுள்ள கோப்புறையையும் பகிரப் பார்த்தேன். அவள் திரையைத் திறக்கப் போடும் நான்கு இலக்க எண்ணைக் கொடுத்தால் ஏற்கவில்லை. அந்த எண் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தானாம். வலையமைப்பு வழியாக நுழைய முழுக் கடவுச்சொல் வேண்டும். அது அவளுக்கே மறந்துவிட்டது, அது வேறு கதை.

மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. நேற்று மாலை, அப்பா தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பழைய ஊர்த் திருவிழாப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டிருந்தால் நாலரை சொல்லியிருப்பேன். இரண்டும் உண்மைதான்.

மச்சினன் பென் டிரைவ் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறானாம். வரும் வழியில் இருபது மீட்டர் நெட்வொர்க் கேபிளும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.