கோபோலினக்ஸ் 017: நிரலுக்கு ஒரு கோப்புறை என்னும் ஏற்பாடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு வடிவம் வரைந்து தரும் நண்பர் ஒருவரின் தேவைக்காகத்தான் கோபோலினக்ஸ் என்னும் இந்த லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பார்த்தேன். அவருடைய பழைய படங்கள் இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை நிரலின் 0.91 பதிப்பில் வரையப்பட்டவை. அதில் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளிகள். 2017இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து 96. புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறக்கும்போது அளவை மாற்றித் தரட்டுமா என்று கேட்கத்தான் செய்கிறது. ஆயினும் கண்ணிகளை மில்லிமீட்டர் கணக்கில் பார்ப்பவருக்கு அதில் நிம்மதி இல்லை. இரண்டு பதிப்புகளும் ஒரே கணினியில் வேண்டும் என்றார்.

வழக்கமான லினக்ஸ் வழங்கல்களில், அதாவது நிறுவத் தயாராகத் தொகுத்துத் தரப்படும் லினக்ஸ் வகைகளில், இது எளிதன்று. அங்கே நிரல் பிரித்துப் போடப்படுகிறது: இயங்கும் கோப்பு ‘யூஎஸ்ஆர்’ கோப்புறைக்குள் உள்ள ‘பின்’னுக்கும், நூலகங்கள் ‘லிப்’புக்கும், படங்களும் மொழிக் கோப்புகளும் ‘ஷேர்’ என்பதற்கும் போய்விடும். இரு பதிப்புகளும் ஒரே இடத்துக்கு உரிமை கோருவதால், நிரல்களை நிறுவவும் நீக்கவும் உதவும் பொதி மேலாளர் ஒன்றைத்தான் அனுமதிக்கும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் முதல் வட்டு நிரம்பியபோது, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் நிரல்களில் ஒரு பகுதி ‘யூஎஸ்ஆர்’ இருந்த அடுத்த வட்டுக்கு வழிந்தது. வசதிக்காகச் செய்த அந்தப் பிரிவினை 1994இல் வெளிவந்த லினக்ஸ் கோப்பமைப்புத் தரத்திலும் இடம் பிடித்தது.

கோபோலினக்ஸ் இந்த வழக்கத்தை ஒதுக்கிவிடுகிறது. பல்கலைக்கழகக் கணினியில் நிர்வாகி உரிமை இல்லாத ஹிஷாம் முகம்மது, தம் சொந்தக் கோப்புறைக்குள் ஒவ்வொரு நிரலையும் தனித்தனியாக நிறுவிய பழக்கமே இதன் வித்து. ஆந்த்ரே டெட்சுடன் சேர்ந்து 2002இல் பிரேசிலில் இதை உருவாக்கினார். கணினியில் ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும் எச்டாப் நிரலை எழுதியவரும் அவரே. இதில் ‘புரோகிராம்ஸ்’ என்ற கோப்புறைக்குள் ‘இங்க்ஸ்கேப்’, அதற்குள் பதிப்பு எண்ணுக்கு ஒன்றாகக் கோப்புறைகள், நடப்புப் பதிப்பைச் சுட்டும் ‘கரண்ட்’ என்ற இணைப்பு என எல்லாம் ஓரிடத்தில் இருக்கின்றன. என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது என்பதற்குத் தனித் தரவுத்தளம் இல்லை, கோப்புறைகளே பட்டியல். வேண்டாத பதிப்பின் கோப்புறையை நீக்கி, அறுந்த இணைப்புகளைத் துடைத்தால் வேலை முடிந்தது.

பழைய பாதைகளை எதிர்பார்க்கும் நிரல்கள் என்ன செய்யும் என்ற ஐயம் எழலாம். ‘சிஸ்டம்’ கோப்புறைக்குள் உள்ள ‘இண்டெக்ஸ்’ எல்லா நிரல்களின் கோப்புகளுக்கும் இணைப்புகளைத் திரட்டி வைத்திருக்கிறது. ‘யூஎஸ்ஆர்’, ‘பின்’ ஆகியவை அங்கேயே சுட்டுகின்றன. கோபோஹைடு என்னும் வசதி, இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இருந்துகொண்டு அப்பெயர்களைக் கண்ணில் படாமல் மறைக்கிறது. இருப்பதை இல்லாததுபோல் காட்டுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றாலும், நண்பருக்கு அந்தச் சுத்தம்தான் முதலில் பிடித்தது.

உழைப்பு கேட்கும் இடம் தொகுப்பு. ‘கம்பைல்’ என்ற கருவி, ஒரு நிரலை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ரெசிப்பிகளைப் படித்து மூல நிரலிலிருந்து நிரலைக் கட்டுகிறது. பழைய இங்க்ஸ்கேப்போ தன் காலத்து நூலகங்களையே கேட்கும். ‘ரன்னர்’ என்ற கருவி, குறிப்பிட்ட ஒரு நிரலுக்கு மட்டும் அந்தப் பழைய நூலகங்களைக் காட்டி, மற்றவற்றைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறது. 017 பதிப்பில் என்னைக் கவர்ந்தது இதுதான். இதற்காகவே நிறுவிப் பார்க்கலாம். ரெசிப்பி இல்லாத நிரலுக்கு நாமே எழுத வேண்டும். ஆணைவரியில் கைப்பழக்கம் இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார்.

தோற்றத்தில் பெரிய வசதியை எதிர்பார்க்க வேண்டாம். ஆசம் என்னும் சாளர மேலாளர் விண்டோஸ் பழகிய கைக்குச் சில நாள் முரண்டு பிடிக்கும். பாதைகள் பெரிய எழுத்தில் தொடங்குவது தட்டச்சுக்கு இடைஞ்சல் என்று தோன்றினாலும், தாவல் (டேப்) விசை மீதியை நிரப்பித் தருவதால் பழகிவிடுகிறது.

017 வெளியானது 2020இல்; அதற்குப் பின் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் இருக்காது. எனவே ஜிஎஸ்டி ரசீது போடும் கணினியிலும் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியிலும் இதை வைக்கச் சொல்ல மாட்டேன். நண்பருடைய பட்டறையில் இணைய இணைப்பு கொடுக்காத ஒரு பழைய கணினியில் இது ஓடுகிறது; படங்கள் பென் டிரைவ் வழியாகப் போய் வருகின்றன.