ஒன்ராறியோ தொண்டர் சேவை விருது: ஒருவரைப் பரிந்துரைத்துப் பார்த்த அனுபவம்

அரசாங்கம் தொண்டர்களுக்குக் கொடுக்கிற விருது என்றால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் "அதெல்லாம் எம்.பி.பி.யோடு (மாகாணப் பாராளுமன்ற உறுப்பினரோடு) படம் எடுக்கிறவைக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். நானும் கனகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்ராறியோ மாகாண அரசின் தொண்டர் சேவை விருதுக்கு எங்கள் முதியோர் சங்கத்திலிருந்து, நாங்கள் மாமா என்று கூப்பிடுகிற ஒருவரைப் பரிந்துரைத்து, படிவம் நிரப்பி, விழாவுக்கும் கூடவே போய் வந்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. 5க்கு 4 நட்சத்திரம் கொடுப்பேன், குறைந்த ஒன்றுக்கான காரணத்தையும் சொல்கிறேன்.

முதலில் இது என்ன விருது என்று தெரியாதவர்களுக்கு. 1986இல் தொடங்கியது. காசு கிடையாது. ஒரே அமைப்பில் இடைவிடாமல் இத்தனை ஆண்டு சம்பளம் வாங்காமல் வேலை செய்திருக்கிறார் என்பதுதான் கணக்கு: 5, 10, 15, 20, 25, 30 என்று போய், அப்புறம் 40, 50, 60 வரை படிகள் இருக்கின்றன. 24 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 2 ஆண்டு போதும். கொடுப்பது இரண்டு பொருள், பெயர் அச்சிட்ட ஒரு சான்றிதழ், சட்டைக் கழுத்தில் குத்திக்கொள்ளும் ஒரு சின்னப் பின். அந்தப் பின் ட்ரில்லியம் பூவின் வடிவம், மூன்று இதழ் கொண்ட இந்த மாகாணத்தின் பூ.

பெரிய விருதுகளும் இருக்கின்றன. நல்ல குடிமகனுக்கான ஒன்ராறியோப் பதக்கம் 1973இலிருந்து இருக்கிறது. ஜூன் கோல்வுட் பெயரில் ஒரு விருது உண்டு, ரொறன்ரோவில் எயிட்ஸ் நோயாளிகளுக்காக 1988இல் கேசி ஹவுஸ் என்ற மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்த பத்திரிகையாளர் அவர். கனடா ஆளுநர் நாயகம் மன்னர் பெயரால் கொடுக்கும் தொண்டர் பதக்கமும் இருக்கிறது, அது முன்பு வேறு பெயரில் இருந்து 2015இல் பதக்கமாக மாறியது. இவற்றுக்கெல்லாம் ஆள் என்ன சாதித்தார் என்று எழுதிக் காட்ட வேண்டும். நான் சொல்கிற இந்த விருது சாதனை கேட்பதில்லை, எத்தனை ஆண்டு வந்தீர் என்று மட்டும் கேட்கிறது. எங்கள் மாமாவுக்குப் பொருத்தமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அவர் என்ன சாதித்தார் என்று கேட்டால் எனக்கு எழுதத் தெரியாது. வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்தார், அவ்வளவுதான் தெரியும்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் பேஸ்மென்டில் கூடுகிற சின்னச் சங்கம் எங்களுடையது. வியாழன் காலை பத்து மணிக்கு ஆட்கள் வருவார்கள், மாமா எட்டரைக்கே வந்து கதவு திறந்து, ஸ்னோ என்றால் படியை வழித்து உப்புப் போட்டு, கதிரைகளை விரித்து, கேத்தலில் தண்ணீர் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு தன்னுடைய வானை எடுத்துக்கொண்டு போய் நடக்க முடியாத ஆட்களை வீடு வீடாக ஏற்றி வருவார். பெற்றோல் காசு கேட்டதே இல்லை. மதியம் எல்லாரும் போன பிறகு அதே கதிரைகளை மடக்கிச் சுவரோடு சாத்திவிட்டுக் கடைசியாக விளக்கை அணைக்கிறவரும் அவர்தான். நான் சங்கத்தில் சேர்ந்தது 2012இல். அதற்கு முன்பே இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது, எப்போதிருந்து என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

இந்த விருதில் ஆளே தன்னைப் பரிந்துரைக்க முடியாது, அமைப்புதான் செய்ய வேண்டும். படிவம் பெரிய சங்கதி இல்லை. ஆளின் பெயர், முகவரி, என்ன வேலை செய்கிறார், எப்போதிருந்து செய்கிறார், அவ்வளவுதான். வெறும் உறுப்பினராக இருப்பதோ கூட்டத்துக்கு வந்து இருந்துவிட்டுப் போவதோ கணக்கில் வராது, கையால் ஏதாவது வேலை செய்திருக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் முடிக்கக்கூடிய படிவம்தான், எங்களுக்கு முழுதாக இரண்டு ஜனவரி எடுத்தது.

முதலாவது ஜனவரியில் நாங்கள் கடைசித் தேதியைத் தவறவிட்டோம். அப்போது கடைசித் தேதி ஜனவரி 25. இங்கே ஜனவரி எப்படிப்பட்ட மாதம் என்று தமிழ் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்ராறியோ 2014இலும் கனடாப் பாராளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்ட பிறகு பொங்கல் விழா, மரபுத் திங்கள் விழா, பள்ளிக்கூட விழா என்று ஒரு சனி ஞாயிறு கூட மிச்சம் இருக்காது. தொண்டர்கள் எல்லாரும் மண்டபத்தில் தோரணம் கட்டிக்கொண்டு நிற்கிற அதே மாதத்தில்தான் தொண்டர்களைப் பற்றிய படிவமும் போக வேண்டும். எங்கள் சங்கத்தில் "பொங்கல் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டோம், பொங்கல் விழா முடிந்தது, தேதியும் முடிந்தது. எங்கள் பிழைதான். ஆனால் இதை வாசிக்கிற சங்கக்காரர்களுக்குச் சொல்கிறேன், மார்கழியிலேயே உட்கார்ந்து நிரப்புங்கள். தேதி மாறியிருக்கலாம் என்பதால் அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

இரண்டாவது முறை, 2019 ஜனவரிக்கு, நான் ஒக்டோபரிலேயே தொடங்கினேன். மாமாவைக் கேட்டேன், "மாமா, நீங்கள் எப்ப வரத் தொடங்கினீங்கள்?" அவர் கதிரையை மடக்கிக்கொண்டே, "அது கனகாலம் பிள்ளை, ஏன் கேக்கிறீர்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு வேண்டாம், கதவு திறக்கிறதுக்கு ஆராவது விருது குடுப்பினமே?" என்று சொல்லிவிட்டு வானுக்குப் போய்விட்டார். அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். மாமிதான் அவரை ஒருவாறு சம்மதிக்க வைத்தார்.

அடுத்த பிரச்சினை ஆண்டு. சங்கத்துப் பதிவுகள் 2006இலிருந்துதான் கோப்பில் இருந்தன. அதை வைத்துப் பார்த்தால் 12 ஆண்டு, அதாவது 10 ஆண்டுப் பின். தலைவர் "அதையே போடுவம், என்ன குறைஞ்சு போச்சு" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. பழைய ஆட்கள் சிலர் அவர் அதற்கு முன்பே வந்தார் என்று அடித்துச் சொன்னார்கள். சேமிப்பறையில் பொங்கல் பானைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு காட்போட் பெட்டியில், பழைய வாடகைத் துண்டுகளுக்கு அடியில், நீல மட்டை போட்ட ஒற்றை ரூல் கொப்பி ஒன்று அகப்பட்டது. காலமாகிவிட்ட எங்கள் பழைய செயலாளர் ஒருவரின் கையெழுத்து. முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: "13.11.2003 வியாழன். 19 பேர். கதிரை 24. வான் 2 தரம்." அதற்குப் பக்கத்தில் மாமாவின் பெயர். அடுத்த வியாழன் மீண்டும் அவர் பெயர். அதற்கடுத்த வியாழனும். நான் அந்த அறையிலேயே நிலத்தில் இருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கை வலிக்கிற அளவுக்கு ஒரே பெயர், சில இடத்தில் நீல மையில், சில இடத்தில் பென்சிலில். இரண்டு வியாழன் மட்டும் வெறுமையாக இருந்தது, பிறகு கேட்டபோது அது அவருடைய தாயார் ஊரில் இறந்த நேரம் என்றார் மாமி. போக முடியவில்லை. வீட்டில் இருந்திருக்கிறார்.

15 ஆண்டு என்று எழுதி அனுப்பினோம்.

இந்த விருதில் எனக்கு மிகப் பெறுமதியாகப் படுவது இதுதான். ஒரு சங்கத்தைக் கட்டாயமாக உட்காரவைத்து, யார் எங்களுக்காக எத்தனை ஆண்டு உழைத்தார் என்று எண்ண வைக்கிறது. அந்தப் படிவம் இல்லாவிட்டால் அந்தக் கொப்பி பானைகளுக்குப் பின்னாலேயே உக்கிப்போயிருக்கும்.

அழைப்புக் கடிதம் வந்தது. வசந்தகாலத்தில் மாகாணம் முழுக்கப் பல ஊர்களில் விழா வைக்கிறார்கள், அதனால் தூரப் பயணம் தேவைப்படவில்லை. மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார், மாமி சேலை. மண்டபத்தில் எங்களுக்கு முன் வரிசையில் ஒரு சீனப் பாட்டி, பக்கத்தில் சாரணர் உடையில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அமைப்பின் பெயர் சொல்லி, ஆண்டையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேடையில் நிற்பது ஒரு நிமிடம் கூட இராது. சாரணர் தாத்தாவுக்கு 40 ஆண்டு என்றபோது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது, மாமாவும் எழுந்து நின்று தட்டினார், உட்கார்ந்ததும் என் பக்கம் குனிந்து, "நாப்பது வருசம்! அந்தாளுக்கு முன்னால என்னை ஏன் கொண்டுவந்தனீர்?" என்றார். இரண்டு பேர் தள்ளி அவருடைய பெயர். "பதினைந்து ஆண்டு" என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள், மாமி அதைத் தமிழில் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கோப்பி, பிஸ்கட், படம். ஆடம்பரம் இல்லை, நீண்ட பேச்சுக்களும் இல்லை. எங்கள் விழாக்களில் பொன்னாடை போர்த்தவே இரண்டு மணித்தியாலம் போகும், அந்த வகையில் இது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சரி, குறைகள்.

"ஒரே அமைப்பு, இடைவிடாமல்" என்ற விதி எங்களைப் போல் இடம்பெயர்ந்து வந்த ஆட்களுக்குச் சரிவராது. இருபது ஆண்டு ஊரில் சனசமூக நிலையத்தில் ஓடித் திரிந்துவிட்டு இங்கே வந்து கோயில், தமிழ்ப் பள்ளி, முதியோர் சங்கம் என்று மூன்று இடத்தில் ஐந்தைந்து ஆண்டு உழைத்தவரை இந்த விருது ஐந்து ஆண்டுக்காரராகத்தான் பார்க்கும். அமைப்பே இல்லாமல் செய்கிற வேலை இன்னும் மோசம். செத்த வீடு என்றால் முதல் ஆளாகப் போய்ச் சமைக்கிறவர், ஆங்கிலம் தெரியாத கிழவிக்காக ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க இருந்து மொழிபெயர்க்கிறவர், இவர்களை யார் பரிந்துரைப்பது? அதற்கு இந்தப் படிவத்தில் இடமே இல்லை.

ஒரு அமைப்பு ஆண்டுக்குச் சிலரைத்தான் அனுப்பலாம் என்ற வரம்பும் உண்டு. அதில்தான் எங்கள் சங்கம் செய்த ஒரு அநியாயத்தைச் சொல்ல வேண்டும். மாமாவின் பெயரோடு யார் யாரை அனுப்பலாம் என்று அந்த ஆண்டு நிர்வாகக் கூட்டத்தில் கேட்டபோது தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வரிசையாக ஆண்களின் பெயர் வந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு வியாழனும் நாற்பது பேருக்குச் சமைக்கிற மூன்று அக்காமாரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, அவர்கள் அந்த நேரம் அடுத்த அறையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். சமையல் என்றால் அது தொண்டுக் கணக்கில் வராது என்று எங்கள் தலைக்குள் எங்கோ பதிந்திருக்கிறது. விருது யாருக்குப் போகிறது என்பது பெருமளவு பரிந்துரைக்கிற சங்கத்தின் கண்ணைப் பொறுத்தது, அந்தக் கண் சரியில்லாவிட்டால் அரசு என்ன செய்யும்?

பிள்ளைகளுக்கான பிரிவை எங்கள் ஆட்கள் கவனிப்பதே இல்லை என்பதும் வருத்தம். 1999இலிருந்து உயர்பள்ளி முடிக்க இங்கே 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு கட்டாயம். பெரும்பாலான பிள்ளைகள் 40 முடிந்ததும் போய்விடுவார்கள். எங்களிடம் வந்த ஒரு பெடியன் 40 முடிந்த பிறகும் மூன்று ஆண்டு வந்தான், கிழவர்களுக்கு ஐபாட் பழக்கினான், அவன் பல்கலைக்கழகம் போகும் வரை அவனுக்கு இந்த விருது கிடைக்கலாம் என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

மாமாவின் சான்றிதழ் அவர் வீட்டில் பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு நடுவில் தொங்குகிறது. பின்னை அவர் கோட்டில் குத்தவில்லை, கோட்டு எப்போதாவதுதான் போடுவார். ஸ்னோ வழிக்கும்போது போடுகிற பழைய கறுப்பு ஜாக்கெட்டின் கழுத்தில் குத்தியிருக்கிறார். உப்புத் தூள் பட்டு ஒரு இதழின் ஓரம் மங்கிவிட்டது.

இந்த முறை சமையலறை அக்காவின் படிவத்தை நான்தான் நிரப்புகிறேன். கொரோனாக் காலத்தில் சங்கம் பூட்டிக் கிடந்தபோதும் சாப்பாட்டுப் பொதி கட்டி ஒவ்வொரு வாசலாக வைத்துவிட்டு வந்தவர் அவர், அதனால் இடைவெளி இல்லை. எப்போதிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்குக் கொப்பி ஒன்றும் தேவைப்படவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "மே மாதம் சண்டை முடிஞ்சது. தம்பியின்ர சேதி ஒண்டும் வரேல்லை. வீட்டில இருக்க ஏலாமல் அடுத்த மாதம் இஞ்ச வந்தனான்."

தொடங்கிய தேதி என்ற கட்டத்தில் 2009 ஜூன் என்று எழுதினேன்.