மலைக்கடைக்கு எது கைகொடுக்கும்: மேப் பதிவா, வெப்சைட்டா, விளம்பரமா?

நீலகிரியில் ஒரு கடையையோ தங்கும் இடத்தையோ கூகுளில் தேடுபவர்கள் மூன்று வகை. சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்துகொண்டு, அடுத்த மாதம் குடும்பத்தோடு வருவதற்காக ‘கோத்தகிரி ஹோம்ஸ்டே’ என்று தேடுபவர் ஒருவர். மலையேறி வந்துவிட்டு, ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் வண்டிக்குள் இருந்தபடியே ‘பக்கத்தில் வர்க்கி கடை’ (வர்க்கி என்பது ஊட்டியின் மொறுமொறு பேக்கரிப் பண்டம்) என்று போனில் தட்டுபவர் இன்னொருவர். மூன்றாமவர் நம்ம ஊர்க்காரர்: காலையில் கீசர் வேலை செய்யவில்லை, குன்னூர் பெட்போர்டு பக்கம் எலெக்ட்ரீஷியன் யாராவது கிடைப்பாரா என்று பார்க்கிறார்.

எதில் காசு போடலாம் என்று கேட்கும் கடைக்காரர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: இந்த மூவரில் உங்கள் வாடிக்கையாளர் யார்? இதற்குப் பதில் தெரியாமல் எந்த வழி சிறந்தது என்று பேசுவதில் அர்த்தமில்லை. வர்க்கி கடைக்கும் ஹோம்ஸ்டேவுக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் ஒரே பேக்கேஜை ஒரே விலைக்கு விற்கும் ஏஜென்சிகள் கோவையிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்கிறார்கள். சிறிய கடைக்காரரின் சீசன் வருமானத்தில் ஒரு பங்கு அப்படியே போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

முதல் வகை ஆட்களை இப்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் (முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) வந்தது. 2025 ஏப்ரலில், சீசன் நேரத்தில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. பாஸ் எடுக்கும்போதே எத்தனை நாள், எங்கே தங்குவது என்று யோசித்தாக வேண்டும். அதனால் ‘போய்ப் பார்த்துக்கலாம்’ என்று கிளம்பி வருபவரைவிட, கீழேயே எல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு வருபவரை நம்பித்தான் தங்கும் தொழிலில் இருப்பவர்கள் திட்டமிட வேண்டும்.

மேப் பதிவும் வெப்சைட்டும்

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்பதுதான் இன்றைய பெயர். 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்றிருந்தது. கடைக்காரர்கள் ‘மேப்ல போட்டிருக்கோம்’ என்று சொல்வது இதைத்தான். காசு கிடையாது. உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று விஷயங்களைச் சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. இந்த வரிசையில் காசு கொடுத்து மேலே வர முடியாது என்பதையும் கூகுளே சொல்லியிருக்கிறது. ‘முதல் இடம் கேரண்டி’ என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

இதில் தூரம் என்பதுதான் நம் மலைக்கு முக்கியம். ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் நடந்துகொண்டிருப்பவர் தேடினால், அதே ரோட்டில் இருக்கும் கடைக்கு அது பெரிய பலம். சென்னையிலிருந்து தேடுபவர் விஷயத்தில் அந்தப் பலம் இல்லை. அவருக்கு குன்னூரில் இருக்கிற எல்லாமே ஒரே தூரம்தான். அங்கே பொருத்தமும் பெயரும்தான் பேசும், வெப்சைட்டுக்கு வேலை வருவதும் அங்கேதான்.

அதனால் வர்க்கி கடைக்கு வெப்சைட் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. பார்சல் அனுப்பி வெளியூர் வியாபாரம் செய்கிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். அந்த நேரத்தை மேப் பதிவில் போட்டால் பலன் அதிகம். முதலில் கேட்டகரி, அதாவது என்ன வகைக் கடை என்பது. முதன்மைக் கேட்டகரி ஒன்றுதான், கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், டீத்தூள், நீலகிரித் தைலம் எல்லாம் ஒரே கடையில் விற்கிறோம். அதனால் பலர் ‘பரிசுப் பொருள் கடை’ என்பதை முதன்மையாக வைத்துவிடுகிறார்கள். பின்னால் விறகடுப்பு எரிகிறது, தட்டுத் தட்டாக வர்க்கி வெளியே வருகிறது, ஆனால் பேக்கரி என்று தேடுபவருக்குக் கடை சரியாகத் தெரிவதில்லை. முதன்மையை பேக்கரி என்று மாற்றிவிட்டு மற்றவற்றைக் கீழே சேர்க்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் ஆசைப்படக் கூடாது. போர்டில் என்ன இருக்கிறதோ அதுதான் மேப்பிலும் இருக்க வேண்டும். கடைப் பெயருக்குப் பின்னால் ‘ஊட்டி பெஸ்ட் வர்க்கி அண்ட் சாக்லேட்’ என்று ஒட்டவைப்பது விதிமீறல், பதிவையே முடக்கிவிட வாய்ப்பு உண்டு. மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் பதிவு முடங்கினால் அந்த சீசன் போனதுதான்.

கடை உங்களுடையதுதான் என்று கூகுள் செய்யும் சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். தெரு, கடை போர்டு, நீங்கள் ஷட்டரைத் திறப்பது அல்லது பில் மெஷினை இயக்குவது, எல்லாம் வெட்டாமல் ஒரே வீடியோவில் வர வேண்டும். பனி இறங்கிய சாயங்காலத்தில் எடுத்தால் எதிர்க்கடை என்ன, சொந்த போர்டே தெரியாது. வெயில் அடிக்கும் காலையில் எடுங்கள்.

அப்புறம் லொகேஷன் பின். கீழே சமதளத்தில் பின் நூறடி தள்ளி விழுந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இங்கே அப்படியில்லை. மேல் ரோடும் கீழ் ரோடும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், வண்டியில் போனால் நாலு வளைவு சுற்ற வேண்டும். பின் மேல் ரோட்டில் விழுந்துவிட்டால், விருந்தினர் இருட்டில் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே நின்றுகொண்டு, கீழே தெரியும் உங்கள் வீட்டு விளக்கைப் பார்த்தபடி போன் செய்வார். கார் திரும்பக்கூடிய கேட்டுக்கு நேராக பின்னை நகர்த்தி வைத்துவிட்டு, வெளியூர் நண்பர் ஒருவரை மேப்பை மட்டும் பார்த்து வரச் சொல்லிச் சோதித்துவிடுங்கள்.

ஹோம்ஸ்டேவுக்கு மேப், வெப்சைட் இரண்டும் வேண்டும். முன்பு கூகுளே இலவசமாக ஒரு பக்கம் போட்டுத் தந்தது. அதை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அந்தப் பழைய முகவரியை இன்னும் விசிட்டிங் கார்டில் வைத்திருப்பவர்கள் உடனே மாற்ற வேண்டும். சொந்த வெப்சைட்டுக்குப் பெரிய செலவு இல்லை. படம் குறைவாக, எழுத்து அதிகமாக நாலு பக்கம் இருந்தால் போதும். ஆனால் அந்த எழுத்து, வருபவர் உண்மையில் கேட்பதற்குப் பதிலாக இருக்க வேண்டும். கடைசி ஒரு கிலோமீட்டர் ரோடு சின்னக் காருக்கு ஆகுமா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், எந்த சிம் எடுக்கும், வயதானவர்கள் ஏற எத்தனை படி, ஊட்டிக்குப் போக எவ்வளவு நேரம், இ-பாஸ் எங்கே எடுப்பது. இவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தால், கீழேயிருந்து விதவிதமாகத் தேடுபவர்களிடம் போய்ச் சேரும். ‘இயற்கையின் மடியில் ஒரு சொர்க்கம்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வெப்சைட் பலன் தர மாதங்கள் ஆகும். ஏப்ரலில் ஆரம்பித்து மே மாத சீசனுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

எலெக்ட்ரீஷியன், பிளம்பர், வீட்டுக்கு வந்து வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் மேப் பதிவு மட்டும் போதும். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, போகக்கூடிய ஊர்களை மட்டும் குறிக்கலாம், இருபது வரை. குன்னூர், வெலிங்டன், அருவங்காடு என்று உண்மையில் போகிற இடங்களைப் போடுங்கள். கூடலூரையும் சேர்த்துவிட்டு, போன் வந்தால் ‘அவ்வளவு தூரம் வர முடியாது’ என்பது நல்ல பெயர் வாங்கித் தராது.

லிஸ்டிங் தளங்களும் புக்கிங் தளங்களும் (ஓடிஏ)

ஜஸ்ட் டயல் 1996-லிருந்து இருக்கிறது. இலவசப் பதிவு போட்டுவிடுங்கள், அதில் நஷ்டம் இல்லை. காசு கட்டும் திட்டம் எலெக்ட்ரீஷியன் போன்ற ஊர் வேலைக்காரர்களுக்கு ஓரளவு சரிவரும், வர்க்கி கடைக்குத் தேவையில்லை. இந்த வகைத் தளங்களில் ஒரே விசாரிப்பு பல பேருக்குப் போகும் என்பதால், போனை முதலில் எடுப்பவருக்குத்தான் வேலை. எந்தத் தளமானாலும் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் பழைய லேண்ட்லைன், இன்னொன்றில் மகனின் செல் நம்பர் என்றிருந்தால் வாடிக்கையாளரும் குழம்புவார், கூகுளும் குழம்பும். பிங், ஆப்பிள் மேப் பதிவுகளை ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம்.

தங்கும் இடங்களுக்கு உண்மையான போட்டி புக்கிங் தளங்களிடம்தான். கமிஷன் பதினைந்து, இருபது சதவீதம் போவது சாதாரணம். அதனால் அவற்றை வேண்டாம் என்று தள்ளுபவர்களை எனக்குத் தெரியும். புதிதாகத் தொடங்கியவர் அப்படிச் செய்யக் கூடாது என்பேன். கீழே இருக்கிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தத் தளங்கள்தான். அங்கே பார்த்தவர் உடனே பணம் கட்டுவதில்லை. வீட்டின் பெயரை அப்படியே கூகுளில் போட்டு, ரிவ்யூ என்ன சொல்கிறது, இடம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார். அந்த நேரத்தில் மேப் பதிவும் வெப்சைட்டும் அதே பெயரில், நேரடி போன் நம்பரோடு எதிரே இருந்தால் பலர் நேரே கூப்பிடுவார்கள் என்று நம்பலாம். 2021 முதல் கூகுள் ஹோட்டல் தேடலில் இலவச புக்கிங் லிங்க்குகளும் உண்டு, உங்கள் ரூம் சாஃப்ட்வேர் அதோடு இணையுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விடுமுறைக்கு வாடகைக்கு விடும் தனி வீடுகளுக்குக் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் விதிப்படி இடமில்லை. கோத்தகிரிப் பக்கம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் காட்டேஜ்கள் நிறைய வந்துவிட்டன. உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் மேப்பை நம்பி இறங்காதீர்கள், ஓடிஏ-வும் வெப்சைட்டும்தான் வழி.

விளம்பரமும் இன்ஸ்டாகிராமும்

கூகுள் விளம்பரத்தில் கிளிக் ஆனால் காசு. பணம் எங்கே வீணாகிறது என்றால், இடத் தேர்வில். தானாக அமைந்திருக்கும் செட்டிங், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர் மேல் ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும். கீசர் ரிப்பேர் செய்பவர் அதை அப்படியே விட்டால், குன்னூரைப் பற்றிப் படிக்கும் சென்னைக்காரருக்கும் விளம்பரம் போகலாம். ‘அந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டும்’ என்று மாற்ற வேண்டும். ஹோம்ஸ்டேவுக்கு நேர் எதிர்: சென்னை, பெங்களூர், கோவையைத் தேர்வு செய்து, ‘கோத்தகிரி’ என்ற சொல்லோடு தேடுபவர்களைப் பிடிக்க வேண்டும். தினசரி பட்ஜெட் 300 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளில் 600 வரை போகலாம், மாதக் கணக்கில்தான் சரியாகும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மே மாதத்துக்கு விளம்பரம் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. அப்போது ரூம் எப்படியும் நிறையும். கோத்தகிரிக்காரர்களுக்கு ஜூலைதான் நல்ல மாதம். தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் ஊட்டியையும் அடித்து நனைக்கும்போது, தொட்டபெட்டா மலை மறைப்பதால் கோத்தகிரியில் மழை குறைவு. ‘மலையில் மழை’ என்று பயந்து தயங்கும் பெங்களூர்க்காரருக்கு இதை விளம்பரத்திலும் வெப்சைட்டிலும் எடுத்துச் சொன்னால் காலி அறைகள் நிறைய வழியுண்டு.

இன்ஸ்டாகிராம் ஆசையைக் கிளப்பும், தேடலில் முன்னே கொண்டுவராது. 2025 ஜூலை முதல் எல்லாரும் பார்க்கும்படி திறந்திருக்கும் பிசினஸ் கணக்குகளின் பதிவுகள் கூகுள் தேடலிலும் வரலாம் என்றாகியிருக்கிறது. ஆகவே படத்தோடு ஊர்ப் பெயரையும் என்ன கடை என்பதையும் எழுதுங்கள். வேறு மெனக்கெட வேண்டாம்.

ரிவ்யூ

மேலே சொன்ன எல்லா வழிகளையும்விட ஒரு கடையைத் தூக்கி நிறுத்துவது ரிவ்யூதான். இதிலும் இரண்டு வழி இருக்கிறது: கேட்டு வாங்குவது, காசுக்கு வாங்குவது. மொத்தமாக ஐம்பது ஐந்து நட்சத்திரம் விற்பவர்கள் இருக்கிறார்கள், தொடவே தொடாதீர்கள். ‘ரிவ்யூ போட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி’ என்பதும் கூகுள் விதிக்கு எதிரானது. பில் கொடுக்கும் இடத்தில் ஒரு கியூஆர் கோடு ஒட்டி, ‘வர்க்கி பிடித்திருந்தால் எழுதுங்க, பிடிக்கலைன்னாலும் எழுதுங்க’ என்று சொல்லுங்கள்.

மோசமான ரிவ்யூவுக்கு எழுதும் பதிலை, திட்டியவரைவிட அடுத்து வரப்போகிறவர்தான் கவனமாகப் படிப்பார். ரூமில் ஹீட்டர் இல்லை என்று ஒருவர் திட்டியிருந்தால், ‘ஜனவரியில் இரவு குளிர் அதிகம்தான். எங்கள் ரூம்களில் ஹீட்டர் கிடையாது, கூடுதல் கம்பளியும் வெந்நீர்ப் பையும் தருகிறோம். புக் செய்யும்போதே இனி இதைச் சொல்லிவிடுகிறோம்’ என்று எழுதினால் போதும். சண்டைக்குப் போனால் இருக்கிற மதிப்பும் போகும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஏஜென்சியிடம்தான் கொடுப்பேன் என்றால் கொடுங்கள். ஆனால் பதிவு உங்கள் சொந்த ஜிமெயிலில்தான் தொடங்கப்பட வேண்டும், முதன்மை உரிமையாளர் நீங்கள்தான். பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அவர்களை மேனேஜராக மட்டும் சேர்த்துவிடுங்கள். டொமைனும், அதாவது வெப்சைட் முகவரியும், உங்கள் பெயரில் இருக்கட்டும். வேலை முடிந்த அன்றே அவர்கள் பெயரை நீக்கிவிடலாம்.