எல்க் வேட்டைக்கு மூன்று பருவம், மூன்று விதத் தோட்டா

என் துப்பாக்கியை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டா பற்றி யார் பேசினாலும், அவரவர் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்ததைத்தான் பேச முடியும். என்னுடையது .30-06 (தோட்டா அளவின் பெயர்), போல்ட் ஆக்‌ஷன், 22 அங்குலக் குழல், பழையதாக வாங்கியது. நான் அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கிறேன். மூன்று பருவங்களாக அக்டோபரில் பிளாட் டாப்ஸ் மலைப் பக்கம் எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிறேன். மூன்று முறையும் பெண் எல்க்குக்கான உரிமம்தான் வாங்கினேன். ஒவ்வொரு வருடமும் வேறு குண்டு (தோட்டாவிலிருந்து பாய்ந்து போகிற பகுதி).

முதல் வருடம் தப்பான குண்டோடு போனேன். மான் வேட்டைக்கென்று விற்கிற 150 கிரெயின் (குண்டின் எடையளவு) குண்டு அது. மெல்லிய செம்பு உறை, உள்ளே ஈயம், அவ்வளவுதான். சுடுதளத்தில் அழகாகச் சுட்டது, விலையும் குறைவு. 120 கஜத்தில், சற்றே என் பக்கம் திரும்பி நின்ற எல்க்கைச் சுட்டேன். முன்தோள் எலும்பில் பட்டது. அது விழவில்லை; ஸ்புரூஸ் காட்டுக்குள் ஓடிவிட்டது. பனியில் ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு மணி நேரம் பின்தொடர்ந்தேன். இரண்டாவது குண்டு போட்டுத்தான் முடித்தேன். தோலுரித்தபோது விஷயம் தெரிந்தது: முதல் குண்டு எலும்பிலேயே சிதறி, ஒரு நுரையீரலை மட்டும் கிழித்திருந்தது. மறுபக்கத்து நுரையீரலில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த இரண்டு மணி நேரமும் அது பட்ட வேதனை என் கணக்கில்தான் சேரும். குண்டு செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது வெண்வால் மானுக்காகச் செய்தது. பெண் எல்க் 500 பவுண்டை ஒட்டி இருக்கும், ஆண் 700 பவுண்டு வரும். மானுக்குப் போதுமான குண்டை எல்க்கின் தோளில் அடித்தது நான்.

குண்டு இரண்டு வேலை செய்ய வேண்டும்: உள்ளே போனதும் விரிய வேண்டும், விரிந்த பிறகும் முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சீக்கிரம் விரிகிற குண்டு சீக்கிரம் நின்றுவிடும். விரியாத குண்டு ஊசி குத்தின மாதிரி மறுபக்கம் போய்விடும். கேலிபர் (குழலின் விட்டம்) பற்றி ஓயாமல் வாக்குவாதம் செய்கிறவர்கள் இதைப் பேசினால் நல்லது.

இரண்டாம் வருடம் ஃபெடரல் பிரீமியம் பெட்டி வாங்கினேன். உள்ளே 180 கிரெயின் நாஸ்லர் பார்ட்டிஷன். இது பழைய குண்டு. 1946-இல் ஜான் நாஸ்லர் கனடாவில் மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான் வகை) வேட்டைக்குப் போனபோது, சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு மூஸ் மேல் அவருடைய குண்டுகள் மேலோட்டமாகவே சிதறிப்போயின. அந்தக் கோபத்தில் அவரே செய்த குண்டு இது. 1948-இல் விற்பனைக்கு வந்தது. குண்டின் நடுவே செம்பிலேயே ஒரு தடுப்புச் சுவர். முன்பக்கத்து ஈயம் விரிந்து உதிரலாம். பின்பக்கத்து ஈயம் சுவருக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருக்கும். அவர் கதையைப் படித்தபோது என் முதல் எல்க்தான் நினைவுக்கு வந்தது.

160 கஜத்தில், குறுக்காக நின்ற எல்க். குண்டு விலா எலும்பு வழியாக உள்ளே போய் இரண்டு நுரையீரலையும் கடந்து, அந்தப் பக்கத்துத் தோலுக்கு அடியில் வந்து நின்றது. எல்க் நாற்பது அடி நடந்து விழுந்தது. எடுத்த குண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் வைத்தேன்: 7.7 கிராம். 180 கிரெயின் என்றால் 11.7 கிராம் சுமார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். அந்தத் தடுப்புச் சுவர் எதற்காக இருக்கிறதோ அதைச் செய்துவிட்டது. அந்தக் குண்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அப்படியானால் ஏன் மாற்றினேன்? மிச்சமில்லாத அந்த 4 கிராம் எங்கே போனது என்ற கேள்விதான். பெரும்பகுதி ஈயம், காயத்தைச் சுற்றி இறைச்சிக்குள் பொடியாகப் போயிருக்கும். இது குறிப்பிட்ட ஒரு குண்டின் குறை இல்லை, ஈயம் உள்ள எல்லாக் குண்டுக்கும் ஏதோ ஒரு அளவில் உண்டு. காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிகிறவர்கள் உண்டு, நானும் எறிந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்க இந்த இறைச்சிதான், சாப்பிடுகிற இருவருக்கு இன்னும் பத்து வயதாகவில்லை. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுவருகிற குடலைத் தின்கிற கழுகுகளுக்கும் இதே ஈயம்தான் போகிறது. கலிஃபோர்னியாவில் காண்டர் கழுகுகளை முன்னிட்டு வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே படிப்படியாகத் தடுத்து, 2019 ஜூலையிலிருந்து முழுத் தடை. கொலராடோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. நானாக மாறினேன்.

மூன்றாம் வருடம் பார்ன்ஸ் வோர்-டெக்ஸ், 168 கிரெயின் டிடிஎஸ்எக்ஸ். முழுக்கச் செம்பு, நுனியில் ஒரு பிளாஸ்டிக் முனை. உள்ளே போனதும் நாலு இதழாக விரியும், எடை ஏறக்குறைய குறையாது. அதனால்தான் 180-லிருந்து 168-க்கு இறங்கினேன். செம்பு ஈயத்தைவிட இலேசு, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும்; எடை போகாத குண்டுக்கு அவ்வளவு எடையும் தேவைப்படாது. பெட்டியில் எழுதியிருக்கிற வேகம் வினாடிக்கு 2800 அடி. செம்புக் குண்டு விரிய வேகம் வேண்டும். வினாடிக்கு 2000 அடிக்குக் கீழே நான் எந்தச் செம்புக் குண்டையும் நம்ப மாட்டேன். 250 கஜத்தில் இந்தத் தோட்டா 2300-ஐ ஒட்டி இருக்கும். என் கை நிதானத்தின் எல்லையும் 250 கஜம்தான். ஆகவே எனக்கு இடிக்கவில்லை. 400 கஜத்தில் சுடுகிறவர் வேறு கணக்கு போட வேண்டும்.

போன அக்டோபரில் 190 கஜம், மறுபடியும் தோள் பக்கம் திரும்பி நின்ற எல்க். முதல் வருடத்தின் அதே நிலை. விசையைத் தொடுவதற்கு முன் நெஞ்சு அடித்துக்கொண்டது. குண்டு தோள் எலும்பை உடைத்து, நெஞ்சைக் கடந்து, அந்தப் பக்கம் விலாவுக்குப் பின்னால் வெளியேறியது. எல்க் நாலு எட்டு வைத்துச் சரிந்தது. தோளில் கெட்டுப்போன இறைச்சி கையளவுதான். குண்டு கிடைக்கவில்லை, மலையில் எங்கோ கிடக்கிறது.

விலை: பார்ட்டிஷன், வோர்-டெக்ஸ் இரண்டுமே 20 தோட்டா பெட்டிக்கு 60 டாலரை ஒட்டித்தான் எனக்கு விழுந்தது. உரிமம், பெட்ரோல், ஒரு வாரச் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால் எல்க் மேல் பாய்கிற அந்த ஒரு குண்டுதான் மலிவு. பயிற்சிக்கு மலிவுத் தோட்டாவே போதும், ஆனால் ஜீரோ வைக்க (குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்ய) வேண்டியது வேட்டைத் தோட்டாவில்தான். என் துப்பாக்கியில் பயிற்சித் தோட்டா 100 கஜத்தில் செம்புக் குண்டைவிட இரண்டு அங்குலம் இடப்புறம் போகிறது. ஈயக் குண்டிலிருந்து செம்புக்கு மாறும்போது குழலை நன்றாகத் துடைத்துவிட்டுச் சுடுங்கள், முதல் சில குண்டுகளை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சட்டம் கேட்பது குறைவு. கொலராடோவில் எல்க்குக்கு .24 கேலிபருக்குக் குறையாத துப்பாக்கி, 85 கிரெயினுக்குக் குறையாத விரிகிற குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு சக்தி. இந்த வரம்பைத் தொட்டுக்கொண்டு போகிற தோட்டாவை நான் எல்க் மேல் சுட மாட்டேன். அதற்காக ஆளைத் தூக்கியடிக்கிற மேக்னமும் (கூடுதல் சக்தியும் உதையும் உள்ள தோட்டா) வேண்டாம். தொடக்கத்தில் ஒருவர் பேச்சைக் கேட்டு .300 வின்செஸ்டர் மேக்னம் இரவல் வாங்கிச் சுட்டேன். பத்தாவது தோட்டாவில் விசை இழுக்கும் முன்பே என் கண் தானாக மூடிக்கொண்டது. உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவள் கையில் எவ்வளவு பெரிய தோட்டா இருந்தாலும் எல்க்கின் வயிற்றில்தான் போய்ப் படும். 1906-இல் வந்த .30-06 எனக்குத் தாங்குகிறது. 1952-இன் .308 இன்னும் மென்மை. நல்ல குண்டு போட்டால் .270-யும் எல்க்கை வீழ்த்தும்.

மூஸுக்கும் கருங்கரடிக்கும் இதே 168-ஐத்தான் எடுத்துப்போவேன். மியூல் மானுக்கும் பிராங்ஹார்னுக்கும் (மான் போன்ற சிறிய விலங்கு) இவ்வளவு செலவு அவசியமில்லை. முதல் வருடத்து 150 கிரெயின் மிச்சம் இருக்கிறதே, அதன் இடம் அங்கேதான்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. செம்புக் குண்டு எல்லாத் துப்பாக்கிக்கும் ஒத்துப்போகாது. எனக்கு 100 கஜத்தில் மூன்று குண்டு ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுகிறது. உங்களுக்கு மூன்று அங்குலம் பரவினால் ஸ்கோப்பைத் திருகிக்கொண்டு நிற்காதீர்கள், 150 கிரெயின் செம்பை ஒரு பெட்டி போட்டுப் பாருங்கள். அதுவும் பரவினால் பார்ட்டிஷனுக்கு வாருங்கள், காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டுங்கள். ஒத்துப்போகிற பெட்டி கிடைத்துவிட்டால் அதே லாட் எண்ணில் (ஒரே தொகுதியாகத் தயாரானது) இன்னும் இரண்டு வாங்கி வையுங்கள். நான் செப்டம்பரில் போனபோது கடையில் ஒரே ஒரு பெட்டிதான் மிஞ்சியிருந்தது.