வீடு மாறும்போது நாய்க்கு எது நல்லது, பூனைக்கு எது நல்லது?

வீடு மாறும்போது சில கேள்விகளுக்கு இரண்டில் ஒன்று என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். சாமான் ஏற்றும் நாளில் பிராணியைக் கூடவே வைத்துக்கொள்வதா, வேறிடத்தில் விடுவதா? புது வீட்டில் சுதந்திரமாக விடுவதா, ஓர் அறையில் வைப்பதா? காரா, விமானமா? எல்லாப் பிராணிக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்னால் அது பாதிப் பேருக்குத் தவறாகத்தான் போகும். நாய் பெரும்பாலும் ஆளை நம்பி வாழ்கிறது, பூனை இடத்தை நம்பி வாழ்கிறது. இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிது.

சாமான் ஏற்றும் நாள்: கூடவா, வெளியிலா?

அன்று வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். தெரியாத ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். கட்டிப்போட்ட நாய் குரைத்துக் குரைத்துக் களைத்துவிடும், கட்டாத நாய் தெருவுக்கு ஓடிவிடும். அதற்கு ஏற்கெனவே பழக்கமான உறவினர் வீடோ நண்பர் வீடோ இருந்தால் அங்கே விடுவதுதான் நல்லது. ஆனால் இதுவரை போகாத போர்டிங்கில் (காசு வாங்கிக்கொண்டு பிராணிகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) முதல்முறையாக அன்றைக்கே கொண்டுபோய் விடாதீர்கள். ஒரே வாரத்தில் இரண்டு அந்நிய இடங்கள் என்றால் அதற்கு மிரட்சிதான் மிஞ்சும். வேறு வழியில்லை என்றால் வீட்டில் ஒருவர் நாயோடு ஓர் அறையில் இருக்கட்டும், சாமான்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பூனையை வெளியே அனுப்பத் தேவையில்லை. ஓர் அறையை முதலில் காலி செய்து, தண்ணீர், லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி), கேரியர் (பூனையைத் தூக்கிச்செல்லும் கூண்டு) மூன்றையும் அதில் வைத்துப் பூனையை விட்டுக் கதவைப் பூட்டுங்கள். 'திறக்காதீர்கள்' என்று எழுதிக் கதவில் ஒட்டுங்கள். எல்லாம் ஏற்றி முடிந்தபிறகு பூனை கடைசியாகக் கிளம்பட்டும்.

புது வீட்டில்: முழு வீடா, ஒரே அறையா?

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். "அடைத்து வைப்பது பாவம், வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும்" என்று பலர் பூனையை நடுக்கூடத்தில் இறக்கிவிடுகிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் பூனைக்கு அது தலைகீழாகப் படுகிறது. பழைய வீட்டில் நாற்காலிக் கால், கதவு ஓரம் என்று எல்லா இடத்திலும் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையை அது பூசி வைத்திருந்தது. புது வீட்டில் அந்த வாசனை எங்குமே இல்லை. பரந்த இடம் அதற்குப் பயத்தையே தருகிறது. அது போய் ஒளியும் இடம் பிரிட்ஜுக்குப் பின்னாலோ சமையலறை அலமாரிக்கு அடியிலோதான். சாப்பிட்டதா, சிறுநீர் போனதா என்றுகூட நமக்குத் தெரியாது. பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஒரே அறை என்றால் எல்லாம் கண்ணில் படும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஏறி உட்கார உயரமான ஓர் இடம், சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி லிட்டர் பாக்ஸ், இவை போதும். புது வீட்டுக்குப் புதுப் படுக்கை வாங்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பழைய விரிப்பைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். மெல்லிய துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி, அதே துணியை அறையின் மூலைகளில் அதன் உயரத்துக்குத் தேய்த்துவிட்டால் இன்னும் சீக்கிரம் பழகும். நன்றாகச் சாப்பிட்டு, ஒளியாமல் அறை நடுவில் வாலைத் தூக்கி நடக்க ஆரம்பித்தால் கதவைத் திறக்கலாம். சில பூனைகளுக்கு இரண்டு நாள் ஆகும், சிலவற்றுக்கு இரண்டு வாரம். பொறுத்துதான் ஆகவேண்டும்.

வெளியே போய்ப் பழகிய பூனையைக் குறைந்தது இரண்டு மூன்று வாரமாவது வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். பழைய வீடு பக்கத்தில் இருந்தால் இன்னும் கூடுதலாக. இல்லாவிட்டால் அது பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும், வழியில் சாலைகள் இருக்கும்.

நாய்க்கு இதே வழி பொருந்தாது. தனி அறையில் பூட்டினால் ஊளையிடும், கதவைப் பிராண்டும். கயிற்றோடு முதலில் வெளியே மலஜலம் கழிக்கும் இடத்தைக் காட்டி, அப்புறம் வீட்டை ஒரு சுற்று கூட்டிப்போய், நீங்கள் இருக்கும் இடத்திலேயே அதையும் இருக்க விடுங்கள். சாப்பாட்டு நேரமும் நடை நேரமும் பழையபடியே இருக்கட்டும். நன்கு பழகிய நாய்கூட முதல் நாட்களில் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கலாம். திட்டாதீர்கள், அது பதற்றத்தில் நடப்பது.

காரா, விமானமா?

காரில் போகக்கூடிய தூரம் என்றால் நான் காரைத்தான் சொல்வேன். நிறுத்தலாம், தண்ணீர் கொடுக்கலாம், முகத்தைப் பார்க்கலாம். நாய்க்கு சீட் பெல்ட்டோடு மாட்டும் ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை), பூனைக்கு நகராதபடி கட்டிய கேரியர். பூட்டிய காரில் மட்டும் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகக்கூடாது. வெளியே 21 டிகிரி செல்சியஸ் இதமாக இருக்கும்போதே உள்ளே பத்து நிமிடத்தில் 32 டிகிரியைத் தொட்டுவிடும்.

விமானத்தில் பிராணிகளை வைக்கும் பகுதியில் காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது, ஆகவே பலர் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. ஏற்றி இறக்கும் நேரத்துச் சத்தமும் வெயிலும் காத்திருப்பும்தான் கஷ்டம். பக், புல்டாக், பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுச் சிரமம் வரும் என்பதால் பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்பதே இல்லை. நீங்களாக மயக்க மருந்து கொடுப்பதை அறவே தவிருங்கள், ரத்த அழுத்தம் குறைந்து ஆபத்தாகலாம். பதற்றம் அதிகமுள்ள பிராணி என்றால் முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

கழுத்துப் பட்டையா, மைக்ரோசிப்பா?

இதில் மட்டும் இரண்டும் வேண்டும். மைக்ரோசிப் என்பது பிராணியின் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் சிறு சில்லு; அதன் எண்ணோடு உங்கள் விவரங்கள் பதிவாகியிருக்கும். பட்டையில் உள்ள தொலைபேசி எண்ணை யார் கண்டாலும் உடனே அழைக்கலாம், ஆனால் அது கழன்று விழும். சிப் கழலாது, ஆனால் அதைப் படிக்கக் கருவி வேண்டும். பிராணி இருக்குமிடத்தையும் சிப் காட்டாது. பதிவில் பழைய முகவரியும் எண்ணும் இருந்தால் கண்டெடுத்தவர் உங்களைத் தேடி அலையவேண்டியதுதான். சாமான் கட்ட ஆரம்பிக்கும் முன்பே இரண்டிலும் விவரங்களை மாற்றிவிடுங்கள்.