கேஜா, டெஸ்ட் லாம்பா? விட்டுவிட்டு வரும் ஏ.சி.

குன்னூரில் கேரட் ஏற்றி, 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்வரை எங்கள் பழைய பிக்கப்பின் ஏ.சி. ஒழுங்காக ஓடும். மேட்டுப்பாளையம் மண்டி வரிசையில் கால்மணி நேரம் நின்றால் வெறும் காற்று. இன்ஜின் ஆறினால் மறுபடி ஜில்லென்று வரும்.

பட்டறையில் முதலில் கேஸ் அழுத்தம் காட்டும் கேஜைத்தான் மாட்டுவார்கள். எந்நேரமும் குளிர்ச்சி குறைவென்றால் அது சரி. ஆனால் வண்டி அணைந்திருக்கும்போது கேஜ் காட்டுவது வெப்பநிலையைத்தான்: ஏ.சி.க்குள் ஓடும் 134ஏ கேஸ் 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, ஊட்டிக் காலையில், 10 டிகிரியில், 50-க்குள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே இந்த எண் வந்துவிடும். மலைமேல் பார்த்து "கேஸ் கம்மி தம்பி" என்று நிரப்பினால் காசு போச்சு, பழுது அப்படியே.

வயரில் கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்ப் மலிவு. ஏ.சி. நின்ற அந்த நிமிடத்தில் கையில் இருக்க வேண்டும், அதுதான் வம்பு. மண்டி வரிசையிலேயே பானெட்டைத் திறந்து கம்ப்ரஸர் கிளட்ச் (கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட்டோடு ஒட்டவைக்கும் காந்தத் தட்டு) வயரில் வைத்தேன். விளக்கு எரிந்தது, கிளட்ச் ஒட்டவில்லை. எர்த்தும் சரி. கிளட்சின் காந்தக் காயில் சூடேறி இழுப்பு குறைந்து, தேய்ந்த தட்டின் இடைவெளியைத் தாண்ட முடியவில்லை. அந்த இடைவெளியை வைக்கும் மெல்லிய வளையமான ஷிம் ஒன்றை எடுத்ததும் ஒட்டியது. விளக்கே எரியாதிருந்தால் கிளட்சுக்குக் கரண்ட் விடும் ரிலே, பிரஷர் சுவிட்ச் பக்கம் போயிருப்பேன்.